ஐரோப்பாவுக்குப் போன டொக்டர் மாமாவுக்கு

அன்பான டொக்டர் மாமா,

உங்களை மாமா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று கேட்காதீர்கள். நீங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய நடிகர். நான் கனடாவில், ஸ்காபரோவில் குடியிருந்து, ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரி. ஆனால் என் அம்மா உங்களைத் தம்பி என்றுதான் சொல்வார். "டொக்டர் தம்பி வந்திட்டார், கெதியா ஓடியா" என்று குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும் என்னைக் கூப்பிடுவார். அம்மாவுக்குத் தம்பி என்றால் எனக்கு மாமாதானே?

எனக்குப் பின்னேர ஷிப்ட். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரும் உங்கள் நாடகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்போம். யார் யாருக்குப் பிள்ளை என்பது எனக்கே இன்னும் பிடிபடாத நாடகம் அது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, உங்கள் முகம் தெரியும். நோயாளியின் வீட்டாருக்கு முன்னால் நீங்கள் கண்ணாடியைக் கழற்றினால் போதும். "ஐயோ, ஆள் முடிஞ்சுது" என்று நீங்கள் வாய் திறக்கமுன்னமே அம்மா சொல்லிவிடுவார்.

நீங்கள் காலமான செய்தியை வேலைக்குப் போகும் பஸ்ஸில், யாரோ விட்டுவிட்டுப் போன பேப்பரில் பார்த்தேன். வானொலி நாடகத்தில் தொடங்கியவராம் நீங்கள். பிறகு தொலைக்காட்சியில் எல்லாமே நேரடி ஒளிபரப்பாக இருந்த காலம். வசனம் மறந்தால் மறந்ததுதான், செட்டில் கதவு திறக்காவிட்டால் சுவரைச் சுற்றித்தான் வரவேண்டும். மேடையில் போலக் கத்தத் தேவையில்லை, கமரா கிட்ட வரும், புருவம் அசைந்தாலே போதும் என்று அந்தப் பெட்டிக்குப் பழக்கிக் கொடுத்தது நீங்களும் உங்கள் கூட்டாளிகளும்தானாம். வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தக்காரரைப் பற்றி வந்ததுபோல இருந்தது.

ஆனால் நாடகத்தில் நீங்கள் சாகவில்லை. ஐரோப்பாவில் ஏதோ மருத்துவ மாநாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். உங்களுக்குக் கதை எழுதியவர்களுக்கு உங்களைச் சாகடிக்க மனம் வரவில்லைப் போலும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை மாமா. இந்த வீட்டில் நாங்களும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

என் தம்பி ரவி இந்த வருடத் தொடக்கத்தில் ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனான். லண்டனில் இருக்கும் அண்ணாதான் போனில் சொன்னார். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், கேட்டால் தாங்கமாட்டார், சொல்லவேண்டாம் என்று அண்ணாவும் என் கணவரும் முடிவெடுத்தார்கள். நானும் தலையாட்டினேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை அண்ணா அங்கேயே செய்து முடித்தார். செத்தவீட்டுத் துடக்கோடு கோயிலுக்குப் போகக்கூடாது என்பதால் அதுவரை எங்கள் காருக்குப் பழுது. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இவர் கீழே போய்க் கார் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்.

ரவி, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டுப் பாங்கொக்கில் நிற்கிறான் என்று கதையைத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் அது பழசாகிவிட்டது.

"ஜேர்மனிக்கு அனுப்புவம். அகதிக் காம்பிலை போன் எடுக்க விடமாட்டினம் எண்டு சொல்லலாம்" என்றார் இவர்.

"காயிதம் போடவும் விடமாட்டினமோ எண்டு கேட்டா?"

"அதைக் கேக்கேக்கை பாப்பம்."

துடக்கு முடிந்ததும் காரும் திருந்தியது. அம்மா கோயிலுக்குப் போய் ஐயரிடம் ரவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, பிள்ளையின் பயணம் சரிவரவேண்டும் என்று அர்ச்சனை செய்வித்தார். செத்துப்போன என் தம்பியின் பெயரைச் சொல்லித் தீபம் காட்டினார்கள். பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றேன். அத்தனை வருடம் நடித்த நீங்கள்கூட அந்த இடத்தில் தடுமாறியிருப்பீர்கள்.

போன வெள்ளிக்கிழமை நாடகம் முடிந்ததும் உங்கள் படத்தைப் போட்டார்கள். கீழே பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், பின்னால் பியானோ. படத்தை விளங்கிக்கொள்ள இங்கிலீஷ் தேவையா?

"டொக்டர் தம்பி மோசம் போயிட்டாரோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

அம்மா உங்களுக்காக நன்றாக அழுதார். பிறகு எழும்பிப் போய், சொந்தத்தில் சாவு விழுந்ததுபோலத் தலை முழுகிவிட்டு வந்தார். ஆரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு ஏன் முழுக்கு என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு முழுகாத தாய் உங்களுக்காக முழுகிவிட்டு, ஈரத் தலையோடு ஜன்னலடியில் இருந்தார்.

திங்கட்கிழமை நாடகம் வழமைபோல வந்தது. அதில் உங்கள் மனைவியாக வருபவர் சிரித்துக்கொண்டு மேசையில் சாப்பாடு வைத்தார். அடுத்த கிழமை நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று மகளுக்குச் சொன்னார். அதை அம்மாவுக்குச் சொன்னது என் பிழையா, தெரியவில்லை. அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உந்த மனிசிக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அவ தாங்கமாட்டா எண்டு நினைச்சிருப்பினம் அம்மா."

"தாங்கிறதோ இல்லையோ, அதை அவளெல்லோ பாக்கவேணும். செத்தது அவளின்ரை மனிசன். பாவியள், அவளை அழவும் விடாமல் வைச்சிருக்கினம்."

அது நாடகம் அம்மா, அந்த நடிகைக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இவரிடம் சொன்னேன், இனி என்னால் முடியாது என்று. "அவவுக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சொன்ன வாயாலேயே அம்மாவையும் கொன்றுவிட்டேன் என்று ஆகிவிட்டால்? இவ்வளவு காலம் ஏன் மறைத்தாய் என்று கேட்டு, என் முகத்தில் முழிக்காமல் விட்டால்?

உங்கள் நாடகக்காரர் அந்த மனிசிக்கு எப்போது சொல்வார்களோ, சொல்லாமலே விடுவார்களோ தெரியாது. நான் சொல்லிவிடுவேன் மாமா. வருகிற சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஏதும் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட இவரையும் வீட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். ரவி இல்லை என்று அம்மாவிடம் சொல்லி, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவன் செத்து இவ்வளவு காலமாகியும், என் தம்பிக்காக நானும் இன்னும் வாய்விட்டு அழவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் மகள்
சாந்தி
ஸ்காபரோ