திருப்பி வாங்கின நன்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். கர்த்தர் உன் பக்கத்துலயே இருந்து உன்னைப் பார்த்துக்கணும்னு கேட்டுக்கிட்டே பேனாவை எடுத்தேன். வழக்கமா இந்த இடத்துல நாங்க எல்லாரும் நல்ல சுகம்னு எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரலை. உங்கப்பாவுக்கு வலது கண்ணுலயும் இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுதாம், ஆள் தெரியலை. எனக்கு மணிக்கட்டுல கட்டு. ஆஸ்பத்திரி லாண்டரியில பெரிய மெஷின் படுத்து இருபது நாளாச்சு, மேல எல்லா வார்டு பெட்ஷீட்டையும் ரெண்டு சின்ன மெஷின்ல போட்டு, பாதி ஈரத்தோட கையால பிழிஞ்சு எடுக்கறோம், நாலு பேர் செய்யற வேலையை ரெண்டு பேர் செய்யறோம். வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டக்கூட குனிய முடியலை. ஆனா உயிரோட இருக்கோம், ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறோம், அது பொய்யில்லை. என்ன இது, அம்மா இப்படிப் போட்டு உடைக்கறாளேன்னு நினைப்பே. ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உன் கடிதம் வந்துச்சு. போன்ல என் குரலைக் கேட்டா அழுதுடுவேன், அதான் எழுதறேன்னு எழுதியிருந்தே. நான் எத்தனை தடவை போன் அடிச்சேன், நீ எடுக்கவே இல்லைன்னு முதல்ல கோபமா வந்துச்சு, படிச்சு முடிச்சதும் நீ எடுக்காததே நல்லதுன்னு ஆயிடுச்சு, எடுத்திருந்தா ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே வச்சிருப்போம். இங்க நர்ஸுக்குப் படிச்சுட்டு வெளிநாட்டுல நர்ஸா நிக்க அந்த ஊர்ப் பரீட்சை ஒண்ணு பாஸாகணும், அதுல ரெண்டாவது தடவையும் போயிடுச்சு, இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவாங்க, அதுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள பேர் கொடுக்கணும், நான் கொடுக்கப் போறதில்லை, இப்படியே நோயாளியைத் தூக்கி உட்கார வச்சு, துடைச்சு விட்டு, ஆயாவாவே காலத்தை ஓட்டிடறேன்னு எழுதியிருந்தே. அதையெல்லாம் கூட நான் தாங்கிக்கிட்டேன். கடைசியில எழுதினே பாரு, என் பேரைச் சொல்லிச் சபையில இனிமே யாரும் நன்றி சொல்ல வேணாம், சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு. அதைப் படிச்சதும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஏன்னா நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் பாப்பா. உன் அம்மா ஒரு பெரிய கூத்து பண்ணிட்டா.

நீ பரீட்சை முடிச்சுட்டு வந்து, இந்தத் தடவை நல்லா எழுதியிருக்கேம்மான்னு போன்ல சொன்னியே, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை நடந்தது. ஆராதனை முடியறதுக்கு முன்னாடி சாட்சி சொல்ற நேரம் உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொருத்தரா எழுந்து ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சொல்லுவாங்க. ஒருத்தர் மகனுக்கு வேலை கிடைச்சுதுன்னாரு, ஒருத்தங்க பேத்தி பொறந்தான்னாங்க, எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் அதுக்கு முந்தின மாசமே முதுகுவலி பறந்து போச்சுன்னு குனிஞ்சு நிமிர்ந்து காட்டியிருந்தாரு. நான் மட்டும் ரெண்டு வருஷமா எழுந்தாலே கேக்கத்தான் எழுந்திருக்கேன், அவர் கண்ணுக்காக ஜெபம் பண்ணுங்க, மகள் பரீட்சைக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. நான் எழுந்தாலே முன் வரிசையில இருக்கறவங்க பெருமூச்சு விடறது எனக்குக் கேக்கற மாதிரி இருக்கும். வெக்கமா இருந்துச்சு. ஒரே ஒரு தடவை நானும் ஒரு நல்லதைச் சொல்லிட்டு கம்பீரமா உட்காரணும்னு ஆசை வந்துடுச்சு. பக்கத்துல தையல்காரக்கா வேற, அவங்களைத் தெரியும்ல, கிடைக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லிடணும், அதுதான் விசுவாசம்னு எப்பவும் சொல்லுவாங்க, அன்னைக்கும் அதையே சொல்லி முழங்கையால ஒரு இடி இடிச்சாங்க. மகள் பாஸாவான்னு நம்பறேன்னு சொல்லத்தான் நான் எழுந்தேன். வாயைத் திறந்ததும் என் மகள் பாஸாயிட்டா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு வந்துடுச்சு. நம்பறேன்ங்கற வார்த்தை எங்க போச்சுன்னே தெரியலை. நான் பேந்தப் பேந்த முழிக்கறதுக்குள்ள எல்லாரும் கை தட்டிட்டாங்க. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதையும் மறைக்க மாட்டேன். எத்தனை நாளாச்சு எனக்கு யாராவது கை தட்டி.

அப்புறம் அஞ்சு வாரம் நான் முள் மேல உட்கார்ந்திருந்தேன். ரிசல்ட் வந்தா எல்லாம் சரியாயிடும், பொய்யே உண்மையாயிடும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். போதகர் உன் பேரை வாராந்தர அறிவிப்புத் தாள்ல அச்சடிச்சுட்டாரு. நர்ஸுக்குப் படிக்கிற பொண்ணு வச்சிருக்கற ஒரு அம்மா, உன் மகள் எந்தப் புஸ்தகத்தைப் படிச்சா, எத்தனை மணி நேரம் படிச்சான்னு கேட்டு லாண்டரிக்கே வந்துட்டாங்க, ஒரு பொய்யைக் காப்பாத்த நான் ஒன்பது பொய் சொன்னேன். எல்லாத்தையும் விட, தையல்காரக்கா ஒரு காகிதப் பையைச் சபைக்குக் கொண்டு வந்து என் மடியில வச்சாங்க பாரு. உனக்கு வெள்ளைக் கோட்டு தைச்சிருக்காங்க. நீ விட்டுட்டுப் போன பழைய சட்டையை அளவுக்குன்னு அன்னைக்கு எங்கிட்ட வாங்கிட்டுப் போனது இதுக்குத்தானாம். ரெண்டு பக்கமும் பாக்கெட், மேல பேனா சொருக ஒண்ணு, உள்பக்கத்துல தையல் தெரியாம மடிச்சு அடிச்சிருக்காங்க. நாள் முழுக்க வெள்ளைத் துணியிலேயே கிடக்கறவ நான், நல்ல துணி எதுன்னு எனக்குத் தெரியும், அது கடையில இருந்த உசத்தித் துணி. அந்தக் கோட்டை அலமாரியில வச்சுப் பூட்டிட்டு அலமாரிப் பக்கமே போகாம இருந்தேன். அந்த அஞ்சு வாரமும் ஜெபம் பண்ண முட்டி போட்டா ஒரு வார்த்தை வரலை.

அப்பதான் உன் கடிதம் வந்துச்சு. உங்கப்பா படிச்சுக் காட்டச் சொன்னாரு. நான் முதல் பக்கத்துல பாதியைப் படிச்சுட்டு, மீதியை மென்னு முழுங்கி, ரிசல்ட் இன்னும் வரலையாம், சளி பிடிச்சிருக்காம், உங்களைக் கேட்டாளாம்னு நானே கட்டி விட்டேன். உங்கப்பா கேட்டுட்டு, நீ தாளை மூணு தடவை திருப்பினே, படிச்சது அரைப் பக்கம்தான் வரும், மிச்சத்தையும் படின்னாரு. கண்ணு போனதுக்கப்புறம் மனுஷனுக்குக் காது அப்படி ஆயிடுச்சு, முப்பது வருஷம் பஸ் ஓட்டினப்போ பின்னாடி கண்டக்டர் விசில் கூட ஒழுங்கா கேக்காது. வேற வழியில்லாம ஒரு வரி விடாம படிச்சேன். அவர்கிட்ட மட்டும் நீ பாஸுன்னு நான் சொல்லலை, சபையில சொன்னது அவருக்குத் தெரியாது, அவர்தான் எட்டு மாசமா வர்றதில்லையே. அன்னைக்கு எல்லாத்தையும் கொட்டிட்டேன். முந்திரிக்கொட்டை மாதிரி நீ எதுக்கு முந்தினேன்னு திட்டினாரு, நானும் பதிலுக்குத் திட்டினேன், உங்களை மாதிரி வீட்டுல உட்கார்ந்துக்கிட்டா எனக்கும் வாய் சும்மா இருந்திருக்கும்னேன். அது தப்பு, சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவர் கோபப்படலை. கடவுளுக்கு நீ கொடுத்த அந்தப் பொய் நன்றியை நின்ன இடத்துலயே நின்னு திருப்பி வாங்கிட்டு வா, நானும் வர்றேன்னாரு.

போன ஞாயித்துக்கிழமை போனோம். வாசல்ல பதினோரு படி, ஒவ்வொண்ணா எண்ணிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன், பத்துன்னு சொன்னதும் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சு பதினோராவதுல அவரை இடற வச்சேன், அதுக்கும் ஒரு திட்டு. சாட்சி நேரம் வந்துச்சு. எழுந்தேன். பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. என் மகள் பாஸாகலை, அன்னைக்கு நான் சொன்னது பொய், எனக்கு நல்லதா சொல்ல ஒண்ணும் இல்லாததால சொல்லிட்டேன், ஆண்டவரும் நீங்களும் மன்னிச்சுக்கணும்னு சொன்னேன். உட்காரவும் தோணாம நின்னுக்கிட்டே இருக்கேன், அப்போ பின்னாடி லிஃப்ட்காரர் எழுந்து, எனக்கும் முதுகுவலி போகலைங்க, அன்னைக்குக் குனிஞ்சு காட்டினதுல ரெண்டு நாள் படுத்துட்டேன்னாரு. யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க, அப்புறம் எல்லாருமே சிரிச்சுட்டாங்க, நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள உங்கப்பா என் தோளைப் பிடிச்சு எழுந்துட்டாரு. அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். நான் எட்டு மாசமா வராதது படி ஏற முடியாம இல்லை, இங்க வந்தா நன்றி சொல்லச் சொல்லுவீங்களேன்னுதான், கண்ணை எடுத்துக்கிட்டு நன்றி வேற கேக்கறியான்னு ஆண்டவர்கிட்ட தினம் சண்டை போட்டுட்டு இருக்கேன், அந்தச் சண்டை இன்னும் முடியலை, ஆனா இந்த வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு, என் பொண்ணு தூரத்துல தனியா கிடந்து தோத்தா, அழுதா, அதை எங்ககிட்ட மறைக்காம எழுதினா, கண்ணு தெரியாத அப்பன்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லி ஏமாத்தியிருக்கலாம், அவ ஏமாத்தலை, அந்தப் பொண்ணை எனக்குக் கொடுத்ததுக்கு மட்டும் நன்றி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கறேன்னாரு. சொல்லிட்டு இடம் தெரியாம, அதுக்குள்ள முன்னாடி வந்து நின்ன லிஃப்ட்காரர் மேலயே சாய்ஞ்சாரு, அந்த மனுஷன் முதுகு என்ன ஆச்சோ தெரியலை. முப்பத்திரெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன், தினம் சண்டை போட்டுட்டு இருக்காருன்னு எனக்குத் தெரியாது பாப்பா. நான் பாட்டுக்கு லாண்டரிக்குப் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கேன்.

வெளியில வந்ததும் அந்தக் காகிதப் பையைத் தையல்காரக்காகிட்ட நீட்டினேன், முகத்தைப் பார்க்கவே முடியலை. அவங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாங்க. உன்னை இடிச்சு எழுப்பினதே நான்தான், பாதிப் பாவம் எனக்கு, தைச்சதைத் திருப்பி வாங்கி நான் யாருக்குப் போட, உன் மகள் சரியா சாப்பிடாம இளைச்சிருந்தா சொல்லு, பக்கத்துல பிடிச்சுக் கொடுக்கறேன்னாங்க. கோட்டு இப்ப அலமாரியில இல்லை, கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருக்கேன். உங்கப்பா போறப்ப வர்றப்ப பாக்கெட்டைத் தடவிப் பார்க்கறாரு.

உனக்கு என்ன புத்தி சொல்றதுன்னு நானும் ரொம்ப யோசிச்சேன். லாண்டரியில கறை போகலைன்னா ரெண்டாவது தடவை போடுவோம், மூணாவது தடவையும் போடுவோம், விடாம முயற்சி பண்ணணும்னு அதை வச்சு எழுதலாம்னு ஆரம்பிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மூணாவது தடவையும் போகலைன்னா கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டுடுவோம். அதனால அந்த உதாரணம் உனக்கு வேணாம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நன்றின்னா எல்லாம் நல்லா இருக்கற மாதிரி முகத்தை வச்சுக்கறதுன்னு நினைச்சுட்டு இருந்தேன், அது ஒரு வேலை மாதிரி, லாண்டரி வேலையை விட அலுப்பான வேலை. அதை விட்டுட்டேன். அன்னைக்கு உண்மையைச் சொல்லிட்டு வந்த பிறகு முட்டி போட்டேன், வார்த்தை வந்துச்சு. களைப்பு போகலை, மெஷின் வரலை, கண்ணு திரும்பலை. ஆனா அடுத்த நாள் காலையில எழுந்து போக முடிஞ்சுது. ஒரு நாளைக்கு அவ்வளவு பெலன் கிடைச்சா எனக்குப் போதும், அதைத்தான் உனக்காகவும் கேக்கறேன். ஆயாவா இருக்கறதை நீ கேவலமா எழுதியிருந்தே, அது எனக்குப் பிடிக்கலை. நீ துடைச்சு விடற நோயாளிக்கு நீதான் இன்னைக்கு ஆண்டவர் கொடுத்த கை. பேர் கொடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம், நான் இடிச்சு எழுப்ப மாட்டேன், இடிச்சா என்ன ஆகும்னு பார்த்துட்டேன். நீ களைச்சுப் போய்த்தான் வேணாங்கறேன்னா, ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டு அப்புறம் முடிவு பண்ணு, களைப்புல எடுத்த முடிவு வேணாம், அவ்வளவுதான். மாசக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு, அதுக்குத்தான் இதை விரைவுத் தபால்ல போடறேன்.

சளிக்கு மருந்து வாங்கிக்கோ, அது நான் கட்டி விட்டதுதான், ஆனாலும் உனக்கு இந்தக் குளிர்ல சளி இல்லாம இருக்காது. காலுறை போடாம தரையில நிக்காதே. போனை எடு, அழுதாலும் பரவாயில்லை, அப்பா காதுக்கு அழுகைக்குள்ள இருக்கற வார்த்தையும் கேக்கும். இதை அவருக்கு ஒரு வரி விடாம படிச்சுக் காட்டிட்டேன், தாள் எத்தனைன்னு விரலால எண்ணிக்கிட்டே கேட்டாரு, சரியா இருக்கு, ஒட்டிடுன்னுட்டாரு. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, நீ படுக்கற இடத்துல சமாதானத்தைக் கொடுக்கட்டும்.

உன் பேரைச் சொல்லி நன்றி சொல்லாதேன்னு எழுதினியே, அதை மட்டும் என்னால கேக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமையும் எழுந்திருப்பேன். பாஸாயிட்டான்னு சொல்ல மாட்டேன், பாஸாவான்னும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கா, அதுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு உட்கார்ந்துடுவேன்.

முத்தங்களுடன்,
பொய் சொல்றதை விட்டுட்ட உன் அம்மா
(பக்கத்துல உட்கார்ந்து தாளை எண்ணின அப்பாவும்)