வெயிலுக்கு ஆகாத பெட்டி

வீட்டு எஜமானி அம்மாவுக்கு, தூரத்தில் இருக்கும் உன் வேலையாள் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். நீயும் உன் கோபமும் சுகமா? முட்டிவலி எப்படி?

போன கடிதத்தில் இந்தப் பண்ணையின் தேன்பெட்டியைப் பற்றிப் பெருமையடித்தேன் அல்லவா? ரெட்டைப் பலகை, நடுவில் வைக்கோல், ஒரு விரல் நுழையும் வாசல். தச்சரிடம் சொல்லி அப்படியே செய்து, நல்ல வெயிலில் வை என்றும் எழுதினேன். நேற்று அதை முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன்.

“உங்க ஊர்ல பனி கொட்டுமா?” என்றார்.

“எங்க ஊர்லயா? துணியைக் காயப்போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சிடும்.”

“அடப்பாவி, அப்ப உன் சம்சாரம் தேனீயை வேகவெச்சிடுவாங்க. இது குளிருக்குச் செஞ்ச பெட்டிய்யா!”

சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோறுதான் இறங்கவில்லை. நீ மரத்திலிருந்து இறக்கி, இரண்டு வருஷமாய்ப் பிள்ளை மாதிரி வளர்த்த கூட்டம் அது.

தச்சர் இன்னும் தொடவில்லை என்றால் நிறுத்து. தேனீயை மாற்றிவிட்டாய் என்றால், உடனே மேலே பந்தல் போடு. வாசலை நாலு விரல் அகலமாக்கு. மூடிக்கடியில் குச்சி செருகிக் காற்று விடு. பக்கத்தில் தட்டில் தண்ணீர் வை. ஒண்டியாய் ஏணி ஏறாதே.

வீட்டு போன் செத்துத்தான் கிடக்கிறதா? ஏழு தடவை அடித்துவிட்டேன். லீவில் நம்ம ஊருக்குப் புறப்படும் பண்ணைச் சமையல்காரர் மூட்டையோடு வாசலில் நிற்கிறார், அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். பெட்டியில் காது வைத்துப் பார். சத்தம் கேட்டதா என்று ஒரு வரி எழுதி அவரிடமே கொடுத்தனுப்பு. மிச்சக் காகிதம் முழுக்க என்னைத் திட்டி எழுது. இங்கே உரிமையாய்த் திட்ட ஒருத்தரும் இல்லை.

உன் அரைகுறை ஆள்