பேனாவுக்கு மட்டும் மார்க்

மதுராந்தகம்
11.6.2023

அன்புள்ள ரூத்துக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது பச்சை உடம்பும் தங்க மூடியும் கொண்ட பத்து ரூபாய் பால் பாயிண்ட். மூடியைப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக்கு வந்த சம்பந்தியம்மா மாதிரி ஜொலிக்கிறது. எழுத விட்டால் பாதி எழுத்தை முழுங்கிவிடுகிறது.

செங்கல்பட்டு ராமானுஜம் கடையில்தான் வாங்கினேன். நான் நாலைந்தைக் கிறுக்கிப் பார்ப்பதற்குள் அந்த மனுஷருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, பேனா வாங்க வந்தியா, பேனாவுக்குப் பொண்ணு பாக்க வந்தியா?"

"கிறுக்கினா தெரியாது அண்ணாத்த. ஒரு லெட்டர் முழுசா எழுதினாத்தான் அதோட குணம் தெரியும்."

"லெட்டரா! எந்தக் காலத்துல கீற நீ?"

வெங்கடேசனும் வீட்டில் இதையேதான் சொல்கிறார். "ஒரு போன் போட்டா முடிஞ்சிது. ரெண்டும் ஸ்டாம்ப் ஒட்டிகினு கீதுங்க" என்று. ஹாஸ்டல் அறையில் நாம் தொடங்கிய பைத்தியம் அவருக்கு எங்கே புரியப்போகிறது? பேனாவுக்கு எழுதுகிறவள் ஒரு மார்க், கடிதத்தை வாங்குகிறவள் ஒரு மார்க், இரண்டையும் கூட்டிப் பாதி. இந்த நியாயம் எந்தப் பரீட்சையில் உண்டு?

போகட்டும், உன் போன கடிதத்துக்கு வருகிறேன். வழக்கம்போல் தாளைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தைத் தடவினேன். நீ பால் பாயிண்டில் எழுதினால் முன்பெல்லாம் பின்பக்கம் கேழ்வரகு அடை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். இந்தத் தடவை பட்டுப்போல வழவழ! அழுத்தாமலே எழுதுகிற பேனா ஒன்று கடைசியில் உன் கையில் மாட்டிவிட்டது. பத்துக்குப் பத்து. நானும் வாங்கப் போகிறேன்.

ஆபீசில் ஞானம்பாள் "ஒரே ஒரு கையெழுத்து" என்று என் பேனாவை வாங்கி, மூடியைக் கடித்துத் திருப்பித் தந்தாள். அந்த மூடிக்கு டி.டி. ஊசி போடலாமா என்று யோசிக்கிறேன்.

உன்,
சியாமளா

&nbsp;

முட்டுக்காடு
9.7.2023

சியாமளாவுக்கு,

பத்து மார்க் அதிகம். அந்தப் பேனாவை நான் விட்டுவிட்டேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கட்டைவிரல் சோர்ந்துபோகிறது. இது ஜெல் பேனா. தானாக ஓடுகிறது, அதற்கு எட்டு. ஆனால் உடம்பு மொழுமொழுவென்று இருக்கிறது. எழுத எழுத நழுவி விழுகிறது, அதனால் மூன்றைக் குறைத்துக்கொள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு வந்த சாக்பீஸும் மட்டம். பலகையில் அழுத்தினால் விரலை விட்டு ஓடுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அது எப்போது விழும் என்று காத்திருந்து சிரிக்கிறார்கள். ஜாக்கெட்டுக் கொக்கி செய்கிறவனும் ஏமாற்றுகிறான், மாட்டவே வருவதில்லை. ஜோஷ்வாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. போட் ஹவுஸில் ஊரான் வீட்டுப் படகுக் கயிற்றையெல்லாம் முடிச்சுப் போடுகிறவர், என் கொக்கியைக் கண்டால் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார்.

தங்க மூடிக்கு என் மார்க் மூன்று. உன் வாய்க்கு ஏழு.

ரூத்

&nbsp;

மதுராந்தகம்
3.9.2023

அன்புள்ள ரூத்துக்கு,

நீ எழுதிய அதே ஜெல் பேனாவை வாங்கி, அதிலேயே எழுதுகிறேன். நழுவவில்லை. எண்ணெய்க் கையோடு பிடித்துப் பார்த்தேன். மாடிப்படி ஏறிக்கொண்டே எழுதிப் பார்த்தேன், வெங்கடேசன் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதும் நழுவவில்லை.

நான் பத்துக்குப் பத்து போட்ட பால் பாயிண்டையும் வாங்கினேன். ஒரு பக்கம் எழுதித் தாளைத் திருப்பித் தடவினேன். அடை. அசல் கேழ்வரகு அடை.

பிறகு உன் கடிதங்களைத் தேதிவாரியாகக் கட்டிலில் பரப்பி, எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுத் தடவினேன். போன தீபாவளி வரைக்கும் விரலில் தட்டுகிறது. பொங்கலுக்குப் பிறகு குறைந்துகொண்டே வருகிறது. பேனா மாறியும் குறைகிறது, மாறாமலும் குறைகிறது.

பேனா, சாக்பீஸ், கொக்கி எல்லாம் கூடிப் பேசிவைத்துக்கொண்டா உன்னை ஏமாற்றும், ரூத்து? உன் கையில் வலு போய்க்கொண்டிருக்கிறது. நான் மடச்சி, அதற்குப் பத்துக்குப் பத்து போட்டுக் கைதட்டியிருக்கிறேன்.

விளையாட்டு போதும். டாக்டரிடம் போடி. ஜோஷ்வா லீவு போட மாட்டேன் என்றால் சொல், நான் வந்து கூட்டிப்போகிறேன். இந்த முறை மார்க் இல்லை.

சியாமளா

&nbsp;

முட்டுக்காடு
15.10.2023

சியாமளாவுக்கு,

இது இங்க் பேனா. தாளில் வைத்தாலே போதும், அழுத்த வேண்டாம்.

நீ சொல்வதற்கு முன்பே சென்னைக்குப் போய்வந்துவிட்டோம். கையில் ஊசிகளைக் குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். முதலில் கை, பிறகு கால், பேச்சு, மூச்சு என்று வரிசை. வரிசை கொஞ்சம் மாறலாமாம். மருந்து உண்டா என்று ஜோஷ்வா கேட்டார். டாக்டர் தன் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நல்ல பேனா. என்ன பேனா என்று கேட்க நாக்குத் துடித்தது. ஜோஷ்வா அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். இங்கே எல்லோரும் கையைத்தான் விசாரிக்கிறார்கள். விடிந்ததும் ஜோஷ்வா, "இன்னிக்கு எப்டி கீது கை?" ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பெயர் சொல்லி ஜெபம். மீன் விற்கிற முனிசாமிகூடக் கையைப் பார்த்துவிட்டு ஒரு மீன் அதிகமாகப் போடுகிறார். பேனாவைப் பற்றி என்னிடம் கேட்கிறவள் நீ ஒருத்திதான். நீ அப்படியே இரு. என் எழுத்து கோணினால் பேனாவைத் திட்டு. மார்க் பேனாவுக்கு மட்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு.

ரூத்

&nbsp;

மதுராந்தகம்
12.11.2023

அன்புள்ள ரூத்துக்கு,

உன் இங்க் பேனா ஒரு தரித்திரம். 'ழ'வுக்கு வாலே போடவில்லை. 'கு'வும் 'ரு'வும் ஒன்றுக்குள் ஒன்று படுத்துத் தூங்குகின்றன. கடைசி நான்கு வரி மேட்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிறது. இப்படி ஒரு நிப்பைச் செய்தவன் நாசமாய்ப் போக. நான்கு மார்க், அதுவும் மையின் நிறத்துக்காக.

எனக்கும் ஒன்று வாங்கலாம் என்று ராமானுஜம் கடையில் இங்க் பாட்டில் கேட்டேன். "ஒரே ஒரு பாட்டில்தான் கீது. மாசாமாசம் வாங்கிகினு இருந்த வக்கீல் போய்ட்டார். இனிமே எவன் வாங்கப் போறான்?" என்றார். உள்ளே அது உப்புக்கல் மாதிரி உறைந்திருந்தது.

பார்த்தாயா, பேனாவைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நான் கெட்டிக்காரி.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

சியாமளா

&nbsp;

முட்டுக்காடு
2.1.2024

சியாமளா,

ஸ்கெட்ச் பேனா. பெரிய எழுத்து. கொஞ்சம்தான் எழுத வரும்.

வந்தாய். பேனாவில் சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் செருகிக்கொண்டு வந்தாய். எல்லோர் முன்னாலும் அதை என் விரலில் திணித்தாய். நிற்கவில்லை. என் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். ஜோஷ்வா உனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது நீயும் கை விசாரிக்கிறவள்.

எழுதாதே.

&nbsp;

மதுராந்தகம்
24.3.2024

அன்புள்ள ரூத்துக்கு,

நீ எழுதாதே என்ற பிறகு இது நான்காவது கடிதம். கோபம் தணியும் என்று பார்த்தேன். உனக்குக் கோபம் மட்டும் நல்ல கம்பெனிச் சரக்கு, தீரவே மாட்டேன் என்கிறது.

அந்த ரப்பரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். ஞானம்பாள் பெண்ணுக்கு வரன் அமைந்து நின்றுபோன கதை ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் எனக்கு வயிறு உப்புகிறது. இரவல் பேனாவில்தான் எழுதுகிறேன், என்ன பேனா என்றுகூடப் பார்க்கவில்லை. கடைக்கே போகப் பிடிக்கவில்லை.

திட்டியாவது ஒரு வரி போடு.

சியாமளா

&nbsp;

முட்டுக்காடு
18.8.2024

சியாமளாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல ஜோஷ்வா எழுதுகிறார்.

விருப்ப ஓய்வுக்கு மனு கொடுக்கப் போனோம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனா விரலில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், சின்ன வயசு, மைப்பெட்டியை எடுத்து வைத்தாள். "கையெழுத்துப் போடத் தெரியாதாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். தெரியும் என்றேன். ஜோஷ்வா என் இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, தாளில் உருட்டினார்.

எங்கம்மா செங்கம்மாள் படாளத்தில் கழனிக் கூலி. கூட்டுறவுச் சங்கத்தில் ரேகை வைத்துவிட்டு வெளியே வரும்போது மை விரலை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். "இன்னாத்த பாக்கற? நீ போய் எழுதக் கத்துக்கோ" என்றாள். எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. எனக்குப் பேனாப் பைத்தியம் பிடித்தது அதனால்தான். உனக்கு ஏன் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வரும் வழியெல்லாம் நான் அந்த மையைத் துடைக்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கட்டும் என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தேன்.

இனிமேல் கடிதம் வேண்டாம். கோபம் இல்லை. இவர் கையால் எழுத வைத்துக்கொண்டு இவரைப் பற்றியே உன்னிடம் எப்படிப் புறணி பேசுவது? இவர் வைக்கிற ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறார்.

(சிஸ்டர், அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல்தான் எழுதுகிறேன். ரசமும் நன்றாகத்தான் இருக்கிறது. — ஜோஷ்வா)

பேச்சு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வார்த்தைகள் ஒட்டிக்கொள்கின்றன. சொன்னதையே திருப்பிச் சொன்னால் புரிகிறதாம். அதுவும் போவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. இவரைப் படகுத்துறைக்கு விரட்டிவிடுகிறேன். ஞானம்பாள் பெண் கதையை நீ சொல், இவர் கதையை நான் சொல்கிறேன். அழுவதாக இருந்தால் பஸ் ஏறாதே.

இப்படிக்கு,

(இடது பெருவிரல் ரேகை)

மேலே உள்ள ரேகை ரூத்துடையது.
சாட்சி: ஜோஷ்வா