நீங்கள் கட்டிய மூன்றாவது படி

நான் என் வாயால் ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காதவரே,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க முடியாது. நான் நன்றாக இல்லை. காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் உங்கள் மேல் கோபம் வருகிறது.

முதலில் செய்தி. நீங்கள் கண்மூடிய பிறகு நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தெருவே சேர்ந்து என்னை நிற்க வைத்து, ஜெயிக்கவும் வைத்துவிட்டது. கவுன்சிலரம்மா என்கிறார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் தறிக்குப் பாவு நீட்ட இடம் வேண்டும், சாக்கடை ஓரத்தைத் தாண்டி யாரும் படியோ தூணோ வைக்கக் கூடாது என்று நீங்கள் அலைந்து திரிந்து நகராட்சியில் தீர்மானம் போட வைத்தீர்களே, அதற்கு ஆபத்து வந்திருக்கிறது. வீட்டுக்குப் பஞ்சம் என்று சென்னையில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இனி ஊர்த் தீர்மானம் செல்லாதாம். அபராதம் கட்டிவிட்டால் கட்டியது கட்டியதுதானாம். தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நடந்து சரிபார்ப்பதைக் கோட்டையில் இருப்பவர்கள் கண்டதுண்டா?

எதிர்வீட்டுத் தனபால் அந்தச் சட்டத்தை நம்பி மூன்று மாடிக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டான். தூண் நாலும் தெருவில். நான் மன்றத்தில் எழுந்து கத்தினேன். சட்டத்தை எதிர்த்துத் தீர்மானமும் போட வைத்தேன். நேற்று தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, அளவு டேப்போடு அவன் வாசலில் போய் நின்றேன்.

அவன் கோபப்படவில்லை. "அண்ணி, ரெண்டு பசங்களுக்கும் கல்யாணம் ஆயிப்போச்சு. தறியும் நாங்களும் ஒரே கூடத்துல முட்டிக்கினு கெடக்குறோம். எங்க போறது, ஊரத் தாண்டி செவிலிமேட்டுக்கா?" என்றான். டேப்பை என் கையிலிருந்து வாங்கி, "மொதல்ல உங்க படிய அளங்க" என்றான்.

அளந்தோம். மூன்றாவது படி சாக்கடையைத் தாண்டி ஒன்றரை அடி.

என் முழங்கால் மடங்காமல் போன வருஷம், தேர்த் திருவிழாவுக்காகப் பாவு நீட்டாத நாளாகப் பார்த்து, சலீம் மேஸ்திரியைக் கூட்டி வந்து அந்தப் படியைக் கட்ட வைத்தீர்கள். "உயரம் கொறையும், நீ சுலுவா ஏறலாம்" என்றீர்கள். நான் அளவைப் பார்க்கவேயில்லை. நீங்கள் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? ஊரார் வாசலையெல்லாம் அளந்தவர் ஆயிற்றே!

"அன்னியிலேர்ந்து பாவு ஒரு முழம் என் வாசப்பக்கமா தள்ளித்தான் போவுது அண்ணி. அண்ணன் மொகத்துக்காக யாரும் வாயத் தொறக்கல" என்றான் தனபால். தெருவே தலையைக் குனிந்துகொண்டு நின்றது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. எனக்காக ஒரு மனிதர் தன் சொல்லையே மீறினாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

புதுச் சட்டப்படி அபராதம் கட்டினால் படி எனக்கு நிலைக்கும். விண்ணப்பத் தாளைக்கூட வாங்கி வந்துவிட்டேன், உங்களிடம் மறைப்பானேன்? ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால், தனபாலின் தூணுக்கும் நானே போட்ட மாதிரிதான். தாளைக் கிழித்துவிட்டேன்.

சலீமை வரச் சொன்னேன். "அண்ணன் சொல்லிக் கட்டுனது. நானே இடிக்கணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நாளைக்குப் பாவு நீட்டும் முன்பே இடிக்கிறோம். முதல் அடி என்னுடையது. பிறகு தனபாலிடம் போய், தூணை உள்ளே தள்ளிக்கொள், பின்கட்டில் மாடி எழுப்ப அனுமதி வாங்க நானும் உன்னோடு அலைகிறேன் என்று சொல்லப் போகிறேன். கேட்பானா? தெரியவில்லை. ஆனால் படியை வைத்துக்கொண்டு அவனிடம் பேச எனக்கு வாய் இல்லை.

இனி சுவரைப் பிடித்துத்தான் தெருவில் இறங்க வேண்டும். இறங்கும்போதெல்லாம் உங்களைத் திட்டுவேன். ஒருநாள்கூடத் தவறாது, சத்தியம்.

உங்கள் முழங்கால் வலிக்காரி,
உங்கள் மனைவி சரோஜா