விரல் தெரியாத தகடுகள்

அக்கா,

இப்போதுதான் இன்னொரு டிவிடி சூடாக வெளியே வந்தது. எழுதி முடித்த தகட்டுக்கு ஒரு வாசனை உண்டு என்பதே எனக்கு இந்த மாதம்தான் தெரியும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் வாசனை. அத்தான் அதை ஓரத்தில் பிடித்து எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு உறையில் போடுகிறார். உறைமேல் உன் பெயரை எழுதுகிறார். எல்லா உறையிலும் உன் பெயர் மட்டும்தான். எதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் அத்தான் என்று கையால் கேட்டேன். எல்லாவற்றிலும் அவள்தானே இருக்கிறாள் என்று பதில் சொன்னார்.

நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், "வீடியோதானே, விடு. போட்டோ இருக்குல்ல?" என்கிறார்கள். போட்டோவில் நீ பேச மாட்டாய் என்பது அவர்களுக்கு எப்படிப் புரியும்? மற்றவர்கள் வீட்டில் வீடியோ என்பது கல்யாணமும் காதுகுத்தும். காது கேட்காத இரண்டு பேர் வாழ்ந்த உன் வீட்டில் அதுதான் குரல். நான் கோயம்புத்தூருக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டேன், உன்னால் போனில் பேச முடியாது. வீடியோ காலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் உன் விரல்கள் பாதியில் உறைந்து நிற்கும். "என்னைத் திக்குவாய் ஆக்குது இந்த போன்" என்று கோபப்பட்டு, பின்னால் நீலப் போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, கேமராவை ஸ்டூலில் நிறுத்தி, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி அனுப்பத் தொடங்கினாய். எனக்கு, உன் மகள் மலருக்கு, உன்னோடு காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்களுக்கு. அனுப்பியவற்றை நாங்கள் பார்த்தோம், போனில் இடம் இல்லையென்று அழித்தோம். நீதான் ஒன்றைக்கூட அழிக்காமல் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தாய். அத்தானோடு சண்டை வந்தால்கூடக் கேமராவைப் போட்டுவிட்டுத்தான் சண்டை போடுவாய். சாட்சி வேண்டுமாம்.

நீ ஒரே நாளில் போய்விட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு அத்தான் ஆலையில் நெல் அவிக்கும் வேலை முடிந்து வந்ததும், தவிடு படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். நீ பேசுவாய். அவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார். பக்கத்து வீட்டார் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

உன் முதல் திதிக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்துச் சாய்ந்திருந்தேன். அத்தான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக், டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்றுதான் நினைத்தேன். திதி அன்று பல்லி சொன்னால் போனவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்வாளே. எழுந்து சுவரெல்லாம் தேடினேன். பல்லி இல்லை. சத்தம் மேசைக்கு அடியில், கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. டிக் டிக், பிறகு கத்தியைத் தீட்டுவதுபோல ஒரு கீச்சு. அந்த நேரம் திரையில் நீ ஒரு நொடி அசையாமல் நின்றாய். பிறகு தொடர்ந்தாய்.

ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். அத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு என்மேல் பாய்ந்தார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. மறுபடி போட்டு, அவருடைய உள்ளங்கையைப் பிடித்து அந்தப் பெட்டிமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கையில் அது தட்டியது. முகம் அப்படியே செத்துப்போனது, அக்கா. அவரே சுவிட்சை அணைத்தார்.

சென்னையில் விடுதியிலிருந்த மலருக்குப் போன் செய்தேன். "பொங்கலுக்கு வந்தப்ப இந்தச் சத்தமே இல்ல சித்தி. நான் கேட்டிருப்பேனே," என்று அழுதாள். அப்போதே கிளம்பி வந்தாள்.

மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் போனோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். நல்ல மனிதர். சத்தத்தைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்.

"இது எம்புட்டு நாளாம்மா வருது?"

"தெரியல பாய். அந்த வீட்ல காது கேக்கிறவுக யாரும் இல்ல."

அவர் அத்தானைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஹார்ட் டிஸ்க் போற காலம்மா. இன்னிக்கோ நாளைக்கோ. எடுக்க முடிஞ்சதை எடுத்துருவோம். எதுல போட்டுத் தர?"

மலர் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம் என்றாள். அத்தான் வேண்டவே வேண்டாம் என்றார். விரல்களை விரித்துக் காட்டி வட்டம் போட்டார்: தகடு. நிறையத் தகடு. ஒரே பெட்டிக்குள் வைத்தால் ஒரே நாளில் போய்விடும். தகட்டில் வைத்தால் ஒன்று போனால் மற்றது இருக்கும். அதை நான் பாய்க்குச் சொன்னபோது, "அதுவும் நியாயந்தான்," என்றார்.

சில நாள் கழித்து, டிவிடிகளை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார். "அப்படியே போட்டா மூட்டைக் கணக்குல வரும்மா. அதுக்குன்னு கொஞ்சம் சுருக்கிட்டேன். ஆனா பாருங்க, முகம் பளிச்சுன்னு இருக்கு." போட்டும் காட்டினார். நீ சிரித்தாய். பொட்டு தெரிந்தது. மூக்குத்தி மின்னியது. நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன், அக்கா. கைகூப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அத்தான் முதல் தகட்டைப் போட்டார். ஐந்து நிமிடம்கூட இல்லை. நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். அடுத்த தகடு. அதற்கடுத்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தன் வாயைத் தொட்டு, அந்த வாயைத் துணியால் பொத்துவதுபோலக் காட்டினார்.

அப்போதுதான் நான் முகத்தை விட்டுக் கையைப் பார்த்தேன். முகம் அசையாமல் இருந்ததால் பளிச்சென்று இருந்தது. உன் கை அசைகிற இடமெல்லாம் புகை. விரலே இல்லை. நீ வேகமாகப் பேசுகிற இடத்தில் மணிக்கட்டுக்குமேல் ஒரு சாம்பல் மேகம் போய்ப் போய் வந்தது. படத்தைச் சுருக்கிய மிசின், அசைகிறதையெல்லாம் தேவையில்லாதது என்று தேய்த்துவிட்டது. பாய்மேல் என்ன குற்றம் சொல்ல? பேச்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானே முகத்தைத்தான் பார்த்தேன்.

மறுநாள் கடை திறக்குமுன் போய் வாசலில் நின்றோம். பாய் ஷட்டரைத் தூக்கினார். மலர் ஒரு தகட்டைப் போட்டு, "எங்கம்மா என்ன பேசுறாகன்னு தெரியல பாய், பாருங்க, கையைப் பாருங்க," என்றாள். அவர் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா. நான் அந்த டிஸ்க்ல இருந்தே நேரா சுருக்கி எடுத்தேன்மா. முழுசு எங்கிட்ட இல்ல. அதுலதான் இருக்கு."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"ஓட்டிப் பாக்கலாம். எம்புட்டு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. பத்து நிமிசமும் இருக்கலாம், பொழுதுக்கும் இருக்கலாம். எது மொதல்ல வேணும்னு நீங்களே சொல்லுங்க. அந்த வரிசையில எடுப்போம்."

எது முதலில் வேண்டும்? நீயே சொல், அக்கா, இதை எப்படிச் சொல்வது?

மலர், சின்ன வயதில் அவளைத் தூங்கவைக்க நீ சொன்ன கதைகளைக் கேட்டாள். நீ நரியாகவும் காக்காயாகவும் மாறி மாறி நிற்பாயே, அவை. நான் வேறொன்று கேட்டேன். என் பிள்ளை தங்காமல் போன வருஷம், நான் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் கிடந்த மாதங்களில், நீ தினமும் எனக்கு ஒன்று அனுப்பினாய். ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டாய். இன்று முருங்கைக்கீரை ஆய்ந்தேன், பூனை குட்டி போட்டது, ஈயம் பூசுகிறவன் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை என்று சொல்வாய். கடைசியில் மட்டும், "நீயும் ஒன்று சொல்லி அனுப்பு. முகத்தைக் காட்டு," என்பாய். அவைதான் என்னை எழுப்பின. அவை எனக்கு வேண்டும் என்றேன். பெரியவள் நான், மலரோடு போட்டி போட்டுக்கொண்டு சத்தமாகக் கேட்டேன்.

அத்தான் எங்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரைமுன் போய் ஒரு ஃபோல்டரைத் தொட்டார். அது உங்கள் சண்டைகள் இருந்த ஃபோல்டர்.

மலருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையா? உங்களை வைஞ்சதைத்தானா எடுக்கணும்?" என்று கையாலும் வாயாலும் கேட்டாள்.

அவர் அவளிடம் கையால் நிதானமாகச் சொன்னார். கோபம் வந்தால் உன் அம்மா வேகமாகப் பேசுவாள். சந்தோஷம் வந்தாலும் வேகமாகப் பேசுவாள். வேகமாகப் பேசியது மங்கினால் என்னால்கூடப் படிக்க முடியாது. கதை சொல்லும்போது உடம்பே பேசும், அது மங்கலிலும் கொஞ்சம் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார். உனக்குச் சொன்னதெல்லாம் மெதுவாகச் சொன்னது. உனக்குக் கைப்பேச்சு அவ்வளவாக வராது என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். அது புகையானாலும் படிக்கலாம். உன்னுடையது கடைசி.

அவர் சொன்னது சரி. அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். ஒன்று மட்டும், ஒரே ஒன்று மட்டும் முதலில் எடுங்கள் என்று அந்தக் கடையில், ஆள் வந்துபோகிற இடத்தில், அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கையைப் பிடித்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நான் விட்டதும் அந்தச் சண்டை ஃபோல்டரையே மறுபடி தொட்டார்.

பாய் ஓட்டத் தொடங்கினார். சண்டைகள் வந்தன. மலர் பத்தாம் வகுப்பில் பாஸான அன்று நீ குதித்துக் குதித்துப் பேசியது வந்தது. உன் பள்ளிக்கூடத் தோழிகள் வந்து தங்கிய நாள், ஒரே நேரத்தில் எல்லாரும் பேசியது, பாதி வந்தது. உள்ளே டிக் டிக் நெருக்கி நெருக்கி அடித்தது. பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பிறகு கீச்சென்று நீளமாக ஒரு இழுப்பு. அப்புறம் ஒன்றும் இல்லை. அத்தனை நாள் நான் பயந்த அந்தச் சத்தம் மறுபடி வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தான் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அவருக்கு என் முகம்தானே வழி. "பொய் சொல்லணும்னா முதுகைக் காட்டணும். எங்களுக்கு அது முடியாது," என்று நீ அடிக்கடி சொல்வாய். நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த டிஸ்க்கை மலர் சென்னைக்குக் கொண்டுபோனாள். அங்கே பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே கீறிப்போயிருக்கிறது, இனி யாராலும் ஆகாது என்று சொல்லி, பொட்டலமாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பாய் வருத்தத்தில் தகடு எழுதுகிற மிசின் ஒன்றையே எங்களிடம் கொடுத்துவிட்டார். "வேலை முடிஞ்சப்பறம் தாங்க, அவசரமில்ல," என்றார். அதை வைத்துத்தான் இப்போது ஒவ்வொன்றுக்கும் மறுபிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம். தெளிவாக வந்ததை ஒரு பக்கம். புகையானதை ஒரு பக்கம். புகைப் பக்கம்தான் பெரியது.

அத்தான் தெளிவானதைப் பார்ப்பது குறைவு. புகையானதைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தானே கையால் சொல்லிப் பார்க்கிறார். சில இடங்களில் கண்டுபிடித்துவிடுகிறார். பல இடங்களில் கையைத் தொடையில் அடித்துக்கொள்கிறார். நேற்று மலர் தாங்க மாட்டாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் போகவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கைப்பேச்சில் சொற்களை எடுத்துக் கொடுத்தேன். இதுவா, அதுவா என்று. இரண்டு கிழங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப்போல.

என்னுடையதையும் பார்த்தேன். அத்தான் சொன்னது உண்மை. பெரும்பாலும் படிக்க முடிகிறது. முருங்கைக்கீரை தெரிகிறது, பூனை தெரிகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே உன் கை நின்று, நான் பிடித்துக்கொண்டேனா என்று காத்திருக்கிறது. அப்படி நின்று நின்று பேசியது உனக்கு எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. உன் சுபாவமே வேகம் என்று அந்தச் சண்டைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்காக மட்டும் நடை குறைத்துக்கொண்டு வந்திருக்கிறாய், இத்தனை வருஷமும்.

என் ஃபோல்டரில் கடைசியாக ஒன்று இருந்தது. நீ போவதற்கு முந்தின வாரம் எடுத்தது. எனக்கு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று தெரியவில்லை. பாய் சுருக்கும்போது அந்த இடத்தில் டிஸ்க் மக்கர் பண்ணியிருக்கிறது. ஒரே ஒரு படத்தோடு நின்றுவிட்டது. நீலப் போர்வை. நீ. வலது கை நெற்றி உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. அவ்வளவுதான். எத்தனை தரம் போட்டாலும் அவ்வளவுதான்.

அந்தக் கையை நான் எத்தனை விதமாகப் படித்தேன் தெரியுமா? தலைவலி என்கிறாயா? அம்மா என்கிறாயா? அங்கிருந்து கை கீழே இறங்கினால் ஒரு சொல், பக்கவாட்டில் போனால் வேறொரு சொல். வலி வந்திருக்கிறது, எனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு நாள் முழுக்க நினைத்து அழுதேன். மலர், "மறந்துட்டேன்னு சொல்ல வாராகளோ?" என்றாள். கடைசியில் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தன் காதோரம் கையைக் கொண்டுபோய், இல்லாத முடியை ஒதுக்கிக் காட்டினார். இது சொல் இல்லை, முடியை ஒதுக்குகிறாள், எப்போதும் அப்படித்தான், இனிமேல்தான் பேச ஆரம்பிப்பாள் என்றார்.

அந்தப் படத்தை என் போனில் வைத்திருக்கிறேன், அக்கா. பார்க்கும்போதெல்லாம் நான் போனைக் கீழே வைக்காமல், உன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.