வலது ஓரத்துத் தையல்

அக்கா,

உங்கள் படத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. சந்தாபுரா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் தச்சர் செய்து கொடுத்தார். "நாலு மூலையும் நேர் இருக்கு மேடம், நீங்களே அளந்து நோடி," என்று டேப்பை என் கையில் கொடுத்தார். அளந்து பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. வீட்டு ஹாலில் சாய்த்து வைத்ததும் புது மரத்தின் வாசனை வந்தது. நாம் சேர்ந்திருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு உங்கள் முதல் சட்டம் வந்த அன்றும் இதே வாசனைதான். அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "புதுப் பென்சில் சீவின மாதிரி இல்ல?" என்று கேட்டீர்கள். இந்தத் தடவை எனக்கு வாசனை தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வருகிற சனிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று உங்கள் தங்கை என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போகுமே, அந்த மாதிரி ஆளே மரத்துக் கிடக்கிறேன். அடக்கத்தன்று சர்ச்சில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் பெட்டிக்கு உள்ளே சுற்றிலும் வைத்துத் தைத்திருந்த வெள்ளை லேஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது பக்கம் இரண்டு இடத்தில் தையல் சுருங்கியிருந்தது. கார்மெண்ட்ஸில் பதினெட்டு வருஷமாகத் தையலில் குறை பார்க்கும் செக்கர் வேலை பார்ப்பவளுக்குக் கண் அங்கேதான் போகும்போல. 'இது ரிஜெக்ட்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாமா, உங்கள் வீட்டுக்காரர், இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை ஓனர் பில்டருக்குக் கொடுத்துவிட்டார். இங்கே நாலாவது மாடி. காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் காபி கொண்டுபோய் வைக்கும்போதும் அதே பக்கம்தான். போன வாரம் திடீரென்று, "ஏம்மா, உங்க அக்கா கடைசியா போட்ட படம் உன்கிட்டதானே இருக்கு? வருஷ ஜெபத்துக்கு அதை மாட்டலாமா?" என்றார்.

"மாட்டலாம் மாமா," என்றேன். அந்தப் படத்தை வைத்து நமக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்கள் கொழுந்தனிடம் நீங்கள் எதைத்தான் மறைத்தீர்கள், இதை மட்டும் மறைத்துவிட்டீர்கள்.

அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு வந்து, ஒரே சமையலறையில் பதினாறு வருஷம். எனக்குத் தைக்கத் தெரியும், உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கவேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவீர்கள். நாற்பத்தைந்து வயதில் சர்ச் ஹாலில் பெண்களுக்கு மத்தியானம் நடந்த பெயிண்டிங் வகுப்புக்குப் போனீர்கள். மற்றவர்கள் பானையிலும் தட்டிலும் பூப்போட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் பித்துப் பிடித்துக்கொண்டது. சிவாஜிநகரில் கேன்வாஸைக் கடைக்காரனிடம் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிவந்து, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகையில் அடித்து வரைய ஆரம்பித்தீர்கள்.

முதல் படத்தைச் சட்டத்தில் மாட்டிய கதை நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டோம். "எனக்கு விடுங்க, தினமும் துணியோடதான் மல்லுக்கட்டறேன்," என்று ஸ்டேப்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாகச் சுற்றிவந்து அடித்தேன். நிமிர்த்திப் பார்த்தால் குறுக்கே குறுக்கே சுருக்கம். "துணி மூஞ்சியைச் சுளிக்குதுமா!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் மாமா ஓடிவந்துவிட்டார். அத்தனை ஸ்டேப்ளர் பின்னையும் பிடுங்கிப்போட்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நீங்கள் சொல்லச் சொல்ல மறுபடி அடித்தேன். மேல் பக்கம் நடுவில் ஒன்று. அதற்கு எதிரே கீழ்ப் பக்கம் இழுத்து ஒன்று. பிறகு இடது, வலது. அப்படியே நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. நீங்கள் முழங்காலால் சட்டத்தை அழுத்திக்கொள்ள, நான் குறடால் துணியைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வைத்தோம். காய்ந்ததும் தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வந்தது.

"ஒரு பக்கமே இழுக்காதே, எதிர்ப்பக்கமும் பாரு." படத்துக்குச் சொன்னதை அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் சொல்ல ஆரம்பித்தீர்கள். உங்கள் கொழுந்தனோடு நான் சண்டை போடும்போதெல்லாம் சமையலறையிலிருந்து இதே குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்று மட்டும் நான் எத்தனை சொன்னாலும் நீங்கள் கேட்கவில்லை. மடித்து அடிக்க நாலு பக்கமும் மூன்று விரல்கடை துணி விட வேண்டும். கார்மெண்ட்ஸில் முதல் நாள் சேர்கிறவளுக்கும் தெரிந்த விஷயம், மார்ஜின் விடாமல் சட்டையை வெட்டினால் தைப்பது எப்படி? நீங்களோ, "இவ்ளோ நல்ல துணியை வீணாக்கவா?" என்று கடைசி நூல்வரை வண்ணம் பூசிவிடுவீர்கள். மாட்டும்போது வானத்திலும் புல்லிலும் கொஞ்சம் பின்னால் போய்விடும். போனால் போகிறது என்று விட்டுவிடுவேன்.

கடைசிப் படத்தில்தான் வினை வந்தது. நம் வீட்டு வாசல். மாமா நாற்காலியில் பேப்பரோடு. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைக்கிறார். நான் எங்கே என்று தேடினால், வலது கோடியில், சாப்பாட்டுப் பையோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். துணியின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டேன். மடித்து அடித்தால் என் முகமும் ஒரு கையும் சட்டத்துக்குப் பின்னால் போய்விடும். முதுகும் பையும்தான் மிஞ்சும்.

அன்றைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். "பின்னாடி மடிச்சுப் போடத்தான் என்னை வரைஞ்சீங்களா? இந்த வீட்ல நான் இருக்கறதும் அப்படித்தானே," என்றேன்.

நீங்கள் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "ஐயோ இல்லம்மா, தினமும் ஏழு மணிக்கு நீ கேட்டைத் தாண்டறதை இந்த ஜன்னல்ல இருந்துதானே பாக்கறேன். நீ அங்கதான் இருப்பே. துணி அவ்ளோதான் இருந்துச்சு," என்றீர்கள்.

"இதை நான் இழுத்து அடிக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க," என்றேன். படம் காய்ந்ததும் நானே அதைச் சுருட்டி, நூலால் கட்டி பீரோ மேல் போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "சரிம்மா, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப இழுத்துக் குடு," என்றீர்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். உப்பு இருக்கா, பால் வந்துச்சா, சாவி எங்கே என்று. நான்கு மாதம் அப்படி ஓடியது. நடுவில் ஒருநாள் என் மெஷின் டிராயரில் இருந்த ஊதா நூல்கண்டு காணாமல் போய், வீட்டையே இரண்டாக்கினேன். பேக் தைக்கிற தடித்த நூல், எளிதில் கிடைக்காது. "நான் பாக்கலைம்மா," என்று நீங்களும் சொன்னீர்கள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். கம்பெனியில் எங்கள் லைனில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தபோது பதினேழு மிஸ்டு கால். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குக் கேட்டைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நான்கு மாதமாகவே பார்க்கவில்லை. ஜன்னலில் நீங்கள் நின்றீர்களா என்று எனக்குத் தெரியாது.

நேற்று மத்தியானம் படத்தை எடுத்தேன். வீடு மாற்றும்போது நூல் கட்டியபடியே கொண்டுவந்து இங்கேயும் பீரோ மேல்தான் போட்டிருந்தேன். தரையில் பழைய போர்வையை விரித்து, படத்தை அதன்மேல் கவிழ்த்து மெதுவாக விரித்தேன். மனசுக்குள் ஒரே கணக்குதான். மாமா பார்க்கிறார், வேறு வழியில்லை, என் முகம் பின்னால் போனால் போகட்டும், நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் சரி.

வலது விளிம்பு வந்ததும் கை நின்றுவிட்டது.

அங்கே ஒரு துணி ஒட்டுப் போட்டிருந்தது. மேலிருந்து கீழ் வரை, நான்கு விரல் அகலம். நான் எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்த காக்கி கட்பீஸ். அதைக் கேன்வாஸோடு சேர்த்துக் கையால் தைத்திருந்தது, ஊதா நூலில். தையலா அது? ஒரு தையல் அரை விரல் நீளம், அடுத்தது எறும்பு அளவு. கோடு ஒரு இடத்தில் மேலே ஏறி, ஒரு இடத்தில் கீழே இறங்கி, மறுபடி ஏறியது. நடுவில் முடிச்சு விழுந்த இடத்தில் அதன்மேலேயே இன்னும் நாலு முடிச்சு. கேன்வாஸில் ஊசி இறங்க உயிர் போகும், உங்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? நான் ஷிஃப்டுக்குப் போன பிறகு எடுத்து, வருவதற்குள் சுருட்டி, என்னைப்போலவே நூலைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறீர்கள். மற்ற மூன்று பக்கத்தையும் தொடவே இல்லை. வானம் பின்னால் போகட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? நானாக எடுக்கட்டும் என்று காத்திருந்தீர்கள். நான் எடுக்கவே இல்லை.

அப்போதும் அழுகை வரவில்லை. கண் தானாகத் தையலில் குறை தேடிக்கொண்டே போனது. பிரித்துவிட்டு மெஷினில் ஒரே ஓட்டமாக ஓட்டினால் பத்து நிமிஷ வேலை. கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்த கத்தரிக்கோலைப் போர்வையின் மேல் வைத்துவிட்டேன்.

பிறகு சட்டத்தை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். மேலே நடுவில் ஒன்று, எதிரே கீழே ஒன்று. இடது பக்கம் அடித்துவிட்டு வலது பக்கம் வந்தபோது குறடைப் போட்டுவிட்டு விரலாலேயே இழுத்தேன். உங்கள் தையல் தாங்குமா என்று பயம். தாங்கியது. தையல் சட்டத்தின் பக்கவாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ள, என் முகமும் கையும் பையும் முழுசாக முன்னால் நின்றன. அந்தப் பக்கம் மட்டும் லேசாக ஒரு சுருக்கம் இருக்கிறது. தண்ணீர் தெளித்தும் போகவில்லை.

இன்று காலை உங்கள் கொழுந்தன் டிரில் போட்டு ஹாலில் மாட்டினார். ரிச்சர்ட்ஸ் டவுன் சுவர்மாதிரி தீக்குச்சி செருகி ஆணி அடிக்கிற வேலை இங்கே நடக்காது, எல்லாம் கான்கிரீட். மாமா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தன்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கோம். அவ எங்கம்மா இதுல?" என்றார்.

என்னை ஓரத்தில் போட்டுவிட்டீர்கள் என்று கத்தினேனே, நீங்கள் அதில் இல்லவே இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, வலது பக்கம் தெரியும்படி அவர் மடியில் சாய்த்து வைத்தேன். அவர் ஊதா நூலின்மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். முடிச்சு இருந்த இடத்தில் விரல் நின்றது.

"இதுவா அவ தையல்?" என்று கேட்டார்.

"ஆமா மாமா," என்றேன். அவர் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பேன். வளைந்த தையல் வந்தால் குறையைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன், அது என் வேலை. ஆனால் இனி காலையில் வாசலைத் தாண்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். ஜன்னலில் யாரும் நிற்க மாட்டார்கள், தெரியும். உங்கள் தையலை நான் பாஸ் பண்ணிவிட்டேன் அக்கா.