ஈரம் ஆகாத அறை

2024 ஜூன் 3, திங்கள்

காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் அந்தப் பெரிய விளம்பரப் பலகை விழுந்து, எங்கள் தாராவியில் இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்கு வீடு நம்பர் எழுதிக்கொண்டு போகிற வருஷம் இது. எனக்கு எழுத்து வராது. போனில் மைக்கைத் தொட்டுப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

என் மருமகள் முத்துமாரி பேட்டரி கம்பெனிக்குப் போகிறாளாம். "ஐரோலியில மிஷின் வேலை" என்றுதான் இதுவரை சொன்னாள். இன்று பக்கத்து வீட்டு மாரீஸ்வரி சொல்லித்தான் தெரிகிறது. பேட்டரி! என் மகன் செல்வம் எதில் வெந்து செத்தான்? கொரோனா ஊசி போட்டவர்களை மட்டும் ரயிலில் ஏற்றத் தொடங்கிய வருஷம், பழைய சாமான் சேட்டின் மாடியில், போன் பேட்டரிகளைப் பிரிக்கும்போது. உப்பிப்போன ஒன்று கிழிந்தது. உள்ளே இருந்த மருந்துத் தண்ணி பற்றிக்கொண்டது. அப்புறம் மூட்டை மூட்டையாக.

அவன் பெண்டாட்டி அந்தப் பேட்டரிக்குள் இருக்கிற அதே லித்தியத்தில் கை வைக்கிறாள்.

ஜூன் 4

அவளோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தின்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

அவளுக்கு உதடு வெடித்து ரத்தம் கசிகிறது. வெளியே மழை, கயிற்றில் போட்ட துணி காயமாட்டேன் என்கிறது, இவள் உதடு மட்டும் காயுமா?

"என்ன ஆசிட்ல நிக்கே?" என்று கத்தினேன்.

"ஆசிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அந்த ரூம் காத்துல ஈரமே இருக்கக் கூடாது. ஈரம் பட்டா லித்தியம் கெட்டுப் போவும். அதான் உதடு வெடிக்கு."

"பம்பாய் மழையில ஈரமில்லாத ரூமா? எவன்ட்ட கதை விடுதே?"

வேலையைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்களாம். ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன் — அந்த வேலையா, இந்த வீடா.

ஜூன் 14

பேட்டரி கசிந்தால் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். செல்வம் சட்டையில் தினமும் அடிக்கும். இவள் குளிக்கப் போனபோது துப்பட்டாவை எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பை எடுக்கத் திரும்பி வந்தவள் பார்த்துவிட்டாள்.

"போலீஸ் நாயி வேலைக்குச் சேந்துட்டியளா மாமா? எதும் கெடச்சா எனக்கும் சொல்லுங்க."

பஸ் வாடைதான் இருந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

ஜூன் 25, செவ்வாய்

ஐரோலிக்கே போய்விட்டேன். கம்பெனி வாசலில் நின்று சத்தம் போட்டேன். வாட்ச்மேன் தள்ளப் பார்த்தான். அங்கே மேலதிகாரி ஒருவர், மாட்டுங்காவில் இருக்கிற தமிழர், பத்ரிநாராயணன் என்று பேர், இறங்கி வந்தார். "உட்காருங்கோ பெரியவரே, முதல்ல ஜலம் குடியுங்கோ."

கண்ணாடி வழியாகக் காட்டினார். உடம்பு முழுக்க வெள்ளைத் துணி. கண்ணை வைத்துத்தான் முத்துமாரி என்று தெரிந்தது. மூடின பெட்டிக்குள் கையுறை வழியாகக் கை விட்டு வேலை செய்கிறாள். பக்கத்து மிஷினில் ஊதா வெளிச்சம். அதற்குள்தான் பேட்டரிக்கான படலம் படிகிறதாம். அவ்வளவு மெல்லிசாம், தலைமுடியே அதன் பக்கத்தில் தூண் மாதிரியாம்.

"இதுல திரவமே கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு படலம், அது வழியா லித்தியம் போயிட்டு வரும். பத்திக்கறதுக்கு உள்ளே தண்ணி இல்லை."

"அப்போ இதையே போன்ல போட்டா என்னய்யா? எம்புள்ள இருந்திருப்பானே!"

விரல் நகத்தில் பாதி இருக்கும், ஒரு பேட்டரியை அவர் எடுத்துக் காட்டினார். "இவ்வளவுதான் பெரியவரே. காது மிஷின், உடம்புக்குள்ள வைக்கற கருவி, இந்த மாதிரிக்குத்தான் காணும். போனுக்குப் பத்தாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொருத்தன் கையிலும் போன். எல்லாவற்றுக்குள்ளும் அந்தத் தண்ணி. பழசானால் எங்கே வரும்? எங்கள் சந்துக்குத்தான்.

ஜூன் 27

சேட் மாடியை மறுபடி திறந்துவிட்டான். புதுத் தகரம், அதே மூட்டை. ஷாகுல் ஹமீது ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறான். அன்று செல்வத்தோடு அந்த மாடியில் இருந்தவன். வெந்து ஒட்டிப்போன இடது கை அவனுக்கு.

"ஏலே, அறிவிருக்கா? வெந்தது பத்தலியோ?"

"ஒத்தக் கைக்கு வேற எவன் அண்ணாச்சி வேலை தாரான்? நீங்க தாரியளா?"

சிரித்துக்கொண்டு கேட்கிறான், பயல். சேட்டை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "சாச்சா, ஷாந்தி ரகோ" என்றான். சாந்தியாம்!

ஜூன் 28

முத்துமாரியிடம் கேட்டேன். வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"ஒங்க கம்பெனியில கூட்ட, தொடைக்க ஆள் வேணுமா?"

"யாருக்கு, ஒங்களுக்கா?" என்று சிரித்தாள். ஷாகுல் பேரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அரிசி களைந்தாள். பிறகு, "நான் அங்க பெர்மனென்ட்டா இருந்தாத்தான மாமா சார்ட்ட கேக்க முடியும்?"

எப்படி மடக்குகிறாள் பாருங்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"இரி. எவன் வேண்டாம்ன்னான்?" என்றேன்.

ஜூலை 15, திங்கள்

காலையில் முத்துமாரியோடு இன்னொருத்தனையும் ஐரோலி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். உள்ளே போகிறவர்களுக்குக் கையுறையும் வெள்ளைத் துணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு கை போதுமாம்.

வரும் வழியில் சேட்டை ஏசிவிட்டுத்தான் வந்தேன். மேலே வேறு பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நாளையும் போவேன். விடமாட்டேன்.

அன்று அந்த மாடியில் நாலு பேர். செல்வம் அங்கேயே முடிந்தான். ஜீஷான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். அய்யாத்துரை தீபாவளி வரை கிடந்து போனான். மிச்சம் இருக்கிறவன் ஷாகுல் ஹமீது.